பழைய டியூப் நன்றாகத்தானே இருக்கிறது?

திருத்தணியில் நான் நாள்தோறும் கடந்து செல்லும் சைக்கிள் கடை ஒன்று உண்டு. அதன் முதலாளி தமிழையும் தெலுங்கையும் ஒரே வேகத்தில் பேசக் கூடியவர். டியூபுக்குக் காற்று அடித்து முடித்ததும் டயரைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார். "போதும் வாத்தியாரே, கல்லு மாதிரி இருக்குது" என்பார். பல ஆண்டு அனுபவம் அந்தக் கட்டைவிரலில் இருக்கிறது. என் சைக்கிளைப் பொறுத்தவரை அந்தச் சாட்சியத்தை நான் ஒரு நாளும் மறுத்ததில்லை.

அதே கடை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால், சில நாள்களில் அரக்கோணத்துக் கடற்படை விமானத்தளத்தை நோக்கிச் செல்லும் விமானங்கள் தெரியும். 1992-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'ராஜாளி' என்னும் அந்தத் தளத்தின் ஓடுபாதை நான்கு கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ளது. அங்கே இறங்கும் பெரிய விமானங்களின் சக்கரங்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவற்றைக் கவனிக்கப் பெரும் படையே இருக்கிறது. இரண்டு பேர் மட்டும் அமர்ந்து செல்லும் சிறு விமானத்தின் டயரையும் டியூபையும் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன். காரணம், ஒரு தொலைபேசி அழைப்பு.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இன்று ஒரு விமானப் பயிற்சி நிலையத்தில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறார். ஓர் இரவு அழைத்தார்.

"சார், ஒரு சந்தேகம். விமானத்துக்குப் புது டயர் வாங்கியாச்சு. டியூப் மட்டும் பழசையே போடச் சொல்றாங்க. 'பஞ்சர் இல்லை, ஒட்டு இல்லை, நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு வீண் செலவு?'ன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்றது?"

என் பதில் அப்போதும் இப்போதும் ஒன்றுதான்: புது டயருக்குப் புது டியூப். இதில் பேரம் கூடாது. ஆனால், 'வாத்தியார் சொன்னார்' என்பது ஒரு காரணம் ஆகாது அல்லவா? எனவே காரணத்தைப் பார்ப்போம்.

சிறு விமானங்களில் மிகுதியாகக் காணப்படும் டயர் அளவுகளுள் ஒன்று 5.00-5. இதில் முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். டயரின் வெளி விட்டம் ஏறக்குறைய 36 சென்டிமீட்டர். நம் ஊர்த் தள்ளுவண்டிச் சக்கரத்தைவிடப் பெரிதல்ல. இந்தச் சக்கரம் வானில் சுழலாமல் தொங்கிக்கொண்டு வருகிறது. விமானம் மணிக்கு 83 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறது என்று கொள்வோம். அது நொடிக்கு 23 மீட்டர். டயரின் சுற்றளவு 1.13 மீட்டர். எனவே சும்மா இருந்த சக்கரம், தரையைத் தொட்ட சிறு பொழுதுக்குள் நொடிக்கு 20 சுற்று என்ற வேகத்தை எட்டியாக வேண்டும். அதுவரை அது தேய்த்துக்கொண்டே ஓடும். விமான நிலையங்களில் ஓடுபாதையின் முனையில் தெரியும் கரிய தீற்றல்கள் அப்படி வந்தவைதாம்.

அந்தக் கணத்தில் தரை டயரைப் பிடித்துத் திருகுகிறது. காற்று குறைவாக இருந்தால் டயர் ரிம்மின் மேல் சற்றே நழுவித் திரும்பும். உள்ளே இருக்கும் டியூபும் அதனுடன் இழுபடும். ஆனால் டியூபின் வால்வு ரிம்மின் துளையில் மாட்டிக்கொண்டிருக்கிறதே! அது எங்கே போகும்? அடிப்பகுதியில் கிழியும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ரிம்மிலிருந்து டயருக்குத் தொடர்ந்து செல்லுமாறு சிவப்பு வண்ணத்தில் ஒரு சிறு கோடு போட்டுவிட்டால் போதும். நாளைக்கு அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் டயர் நகர்ந்திருக்கிறது என்று பொருள்.

இனி டியூபுக்கு வருவோம். மீள்தன்மை பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஒரு பொருளை ஓர் எல்லைக்குள் இழுத்துவிட்டால் பழைய நீளத்திற்கே திரும்பும். ரப்பர் இதற்குப் பெயர் பெற்றது. ஆனால் மாதக்கணக்கில் இழுத்த நிலையிலேயே, வெயிலிலும் பிரேக்கின் சூட்டிலும் கிடந்த ரப்பர் முழுவதும் திரும்புவதில்லை. ஒரு பகுதி நீட்சி நிலைத்துப் போகிறது. பயன்பட்ட விமான டியூப் புதிதாக இருந்ததைவிட ஏறக்குறைய 25 விழுக்காடு பெருத்துவிடும் என்பது விமான டயர் செய்வோர் தரும் கணக்கு. டயரும் ஓரளவு பெருக்கும். பழைய டயருக்குள் பழைய டியூப் கச்சிதமாக இருப்பதற்கு இதுவே காரணம். இரண்டும் சேர்ந்தே பெருத்தவை. புது டயரோ இன்னும் பெருக்காதது. அதற்குள் பெருத்த டியூபைத் திணித்தால் எங்காவது ஓரிடத்தில் மடிந்துதான் ஆக வேண்டும். பெரியவர் சட்டையைச் சிறுவனுக்குப் போட்டால் இடுப்பில் மடிப்பு விழுவது போலத்தான். சட்டை மடிப்பால் ஆபத்தில்லை. டியூபின் மடிப்போ ஒவ்வொரு சுற்றிலும் தன்னைத் தானே தேய்த்துக்கொள்கிறது. ஆணி குத்தாமலே, கல் படாமலே, ஒரு நாள் அந்த இடத்தில் காற்று போய்விடுகிறது. மேலே எடுத்துப் பார்த்தபோது டியூப் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே போனபின்தான் கெட்டது.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சக்கரத்தின் பேரிங்கிற்குக் கிரீஸ் வைப்பதற்காகக் கழற்றிய, பாதி வயதில் உள்ள டயரையும் அதன் டியூபையும் சோதித்துவிட்டு அதே இணையாகத் திரும்பப் போடுவதில் தவறில்லை. எதையெடுத்தாலும் மாற்று, மாற்று என்பது அறிவியல் அன்று, பயம்.

டயரை எப்போது மாற்றுவது? ஓடுதளத்தில் உள்ள பள்ளங்களில் ஏதாவது ஒன்று, எந்த ஓரிடத்திலாவது, அடிவரை தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டும். நூலிழை தெரிந்தால் அந்த நிமிடமே கழற்ற வேண்டும். நன்றாகப் பள்ளம் உள்ள டயரிலும் பக்கச் சுவரைப் பாருங்கள். வெயிலும் ஓசோனும் ரப்பரின் எதிரிகள். பறக்காமல் மாதக்கணக்கில் வெட்டவெளியில் நிற்கும் விமானத்தின் டயர், நாள்தோறும் பறக்கும் விமானத்தின் டயரைவிட முன்னதாகவே வெடிப்பு விட்டுக் கிடப்பதுண்டு. எண்ணெய் சிந்திய தரையும், பொறி பறக்கும் மின்மோட்டாருக்கு அருகிலுள்ள அலமாரியும் டயருக்கு ஆகாத இடங்கள்.

தேர்ந்தெடுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. அதே அளவு எண் அச்சிட்ட மலிவான வண்டி டயர் ரிம்மில் அழகாகப் பொருந்திவிடும். பொருந்துவது வேறு, ஏற்றதாயிருப்பது வேறு. கார் டயரைவிட விமான டயர் சுமையில் இரண்டு மடங்குக்கும் மேல் நசுங்கும்படி வடிவமைக்கப்படுகிறது. சிறிது தூரம் பெரும் சுமையுடன் ஓடி, பின்பு நீண்ட நேரம் குளிர்ந்து கிடப்பது அதன் வாழ்க்கை. வண்டி டயரின் வாழ்க்கை இதற்கு நேர்மாறு. பக்கச் சுவரில் '6 பிளை ரேட்டிங்' என்று இருந்தால் ஆறு அடுக்குத் துணி இருப்பதாக எண்ண வேண்டாம். அது வலிமைக்கான ஒரு குறியீடு. பழைய பருத்தி அடுக்குகளின் காலத்திலிருந்து வரும் பெயர். விமானத்தின் கையேட்டில் எந்த அளவும் எந்த ரேட்டிங்கும் குறித்திருக்கிறதோ அதை வாங்குங்கள். கூடுதல் வலிமை நல்லதுதானே என்று கனமான டயரை மாட்டினால், அது சக்கரத்தை மூடும் கவசத்தில் உரசவும் கூடும்.

இப்போது கட்டைவிரலுக்கு வருகிறேன்.

600 கிலோகிராம் எடையுள்ள ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். 2004-இல் அமெரிக்கா இலேசு விளையாட்டு விமானம் என்ற வகையை ஏற்படுத்தியபோது, தரையில் இறங்குபவற்றுக்கு வைத்த உச்ச எடை அது. இரண்டு பெரிய சக்கரங்களும் ஒவ்வொன்றும் சுமார் 255 கிலோகிராம், அதாவது 560 பவுண்டு தாங்குவதாகக் கொள்வோம். மீதி மூக்குச் சக்கரத்தின் பங்கு. டயரில் சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டு அழுத்தம் இருந்தால், தரையைத் தொடும் பரப்பு 560-ஐ 30-ஆல் வகுத்தால் வருவது: 19 சதுர அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. விரல்களை விட்டுவிட்டு உங்கள் உள்ளங்கையை மட்டும் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். அழுத்தம் 20-ஆகக் குறைந்தால் பரப்பு 28 சதுர அங்குலமாக வேண்டும். அதற்கு டயர் அதிகம் நசுங்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளைந்து நிமிரும் பக்கச் சுவர் சூடாகும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடித்திருக்கிறீர்களா? ஒடிந்த முனையைத் தொட்டுப் பாருங்கள்.

இந்த 30-க்கும் 24-க்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டைவிரல் சொல்லுமா? எங்கள் ஆய்வகத்தில் ஒரு முறை இரண்டு டயர்களில் இவ்விரு அழுத்தங்களையும் வைத்து, மாணவர்கள் முன்னிலையில் நானே அழுத்திப் பார்த்தேன். தவறாகச் சொன்னேன். வகுப்பு நன்றாகச் சிரித்தது.

அழுத்தமானி இருந்தாலும் வெப்பநிலையை மறக்கக் கூடாது. மே மாதப் பிற்பகலில் 40 டிகிரி செல்சியஸில் நம் ஊரில் 30 பவுண்டு அடித்து வைத்த டயர், டிசம்பர் விடியலில் 20 டிகிரியில் என்ன காட்டும்? காற்று சிறிதும் கசியவில்லை, கன அளவு மாறவில்லை என்று கொள்ளுங்கள். என் மாணவர்களில் பலர் 30-ஐ 293-ஆல் பெருக்கி 313-ஆல் வகுத்து 28.1 என்பார்கள். தவறு! அழுத்தமானி காட்டுவது வளிமண்டல அழுத்தத்திற்கு மேலே உள்ளதை மட்டுமே. வாயு விதிக்கு வேண்டியது முழு அழுத்தம். 14.7-ஐக் கூட்டி 44.7 என்று தொடங்குங்கள், முடிவில் 14.7-ஐக் கழியுங்கள். 27.1 வரும். ஒரு பவுண்டு வேறுபாடு வினாத்தாளில் அரை மதிப்பெண். ஓடுபாதையில் அதற்கு வேறு விலை.

இன்னொரு கணக்கும் தருகிறேன். பெங்களூரிலுள்ள தேசிய வானூர்தி ஆய்வகம் உருவாக்கிய 'ஹன்ஸா-என்ஜி' என்னும் இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் 2021 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்தது. 2022 பிப்ரவரியில் கடல்மட்டச் சோதனைக்காகப் பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்குப் பறந்து வந்தது. பெங்களூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே வளிமண்டல அழுத்தம் 13.2 பவுண்டு அளவில்தான். அத்தகைய பயணத்தில் ஒரு சிறு விமானத்தின் டயருக்குப் பெங்களூரில் 30 பவுண்டு அடித்தால், கடற்கரையில் அழுத்தமானி அதே வெப்பநிலையில் 28.5 மட்டுமே காட்டும். ஆனால் 20 டிகிரியில் கிளம்பி 30 டிகிரியில் இறங்கினால்? நீங்களே போட்டுப் பாருங்கள். விடையைக் கண்டு வியப்பீர்கள்.

மழைக்காலத்தில் இந்த எண்களுக்கு மதிப்பு இன்னும் கூடுகிறது. நீர் தேங்கிய ஓடுபாதையில் குறிப்பிட்ட வேகத்திற்கு மேல் டயர் தரையைத் தொடாமல் நீரின்மேல் மிதந்து வழுக்கும். அந்த வேகத்தை 1960-களில் நாசா ஆய்வாளர்கள் எளிய சூத்திரமாக்கினார்கள். டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கடல்மைல் என்று கிடைக்கும். 36 பவுண்டுக்கு 54, 25-க்கு 45, 16-க்கு 36. கிலோமீட்டரில் முறையே 100, 83, 67. சிறு விமானம் இறங்கும் வேகமே இதற்குள்தான் அடங்குகிறது. காற்றுக் குறைந்த டயர் அதிக நேரம் வழுக்கும், பிரேக் பிடித்தும் பயனிராது.

டயரில் காற்றுக் குறைவது சிறு விஷயம் என்போருக்கு 1991 ஜூலை 11-ஐ நினைவூட்டுவேன். ஹஜ் பயணம் முடித்துத் திரும்பும் நைஜீரியர்களுடன் ஜெட்டாவிலிருந்து ஒரு டி.சி.-8 விமானம் புறப்பட்டது. இரண்டு டயர்களில் அழுத்தம் குறைந்திருப்பதை முன்னதாகவே மெக்கானிக் கண்டிருந்தார். நிரப்ப நைட்ரஜன் உடனே கிடைக்கவில்லை. தாமதத்தை ஏற்க விரும்பாத மேலாளர், அப்படியே போகட்டும் என்று விட்டுவிட்டார். ஓடுபாதையில் டயர்கள் சூடேறிச் சிதைந்தன. தீப்பிடித்த சக்கரங்கள் விமானத்தின் வயிற்றுக்குள் மடக்கப்பட்டன. விமானத்தில் இருந்த 261 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த மெக்கானிக்குக் கண் இருந்தது, கருவி இருந்தது, அறிவும் இருந்தது. 'இல்லை' என்று சொன்னால் நிற்கும் அதிகாரம் மட்டும் இல்லை. என் மாணவர் தொலைபேசியில் கேட்டதும் உண்மையில் டியூபைப் பற்றியா என்ன?

நைட்ரஜன் என்றதும் பெட்ரோல் பங்கில் மோட்டார் சைக்கிளுக்கும் அதை அடைக்கிறார்களே என்பீர்கள். பெரிய விமானத்திற்கு அது கட்டாயத் தேவை. 1986 மார்ச் 31 அன்று மெக்சிகோவில் ஒரு போயிங் 727 விமானத்தில், அளவுக்கு மீறிச் சூடான பிரேக் அருகே, சாதாரணக் காற்று அடைத்த டயர் வெடித்து 167 பேர் மாண்டனர். காற்றிலுள்ள ஆக்சிஜனும் சூடான ரப்பரிலிருந்து எழும் ஆவியும் சேர்ந்தால் எரியும். சிறு விமானத்தின் பிரேக் அவ்வளவு சூடாவதில்லை. ஈரமற்ற காற்றே போதும். அதில் 78 விழுக்காடு நைட்ரஜன்தானே! அந்தச் செலவைப் புது டியூபில் போடுங்கள் என்பேன்.

மாற்றும் முறையில் உயிருக்கு அஞ்ச வேண்டிய இடம் ஒன்று உண்டு. சைக்கிள் ரிம் ஒரே வளையம். சிறு விமானத்தின் ரிம்மோ இரண்டு பாதிகளாகச் செய்து போல்ட்டுகளால் இணைக்கப்பட்டது. காற்று இருக்கும்போதே அந்தப் போல்ட்டுகளைக் கழற்றினால், நூற்றுக்கணக்கான பவுண்டு விசையால் பிரிந்து நிற்கத் துடிக்கும் இரு பாதிகளும் முகத்தை நோக்கிப் பாயும். முதலில் வால்வின் உள்ஊசியை எடுத்துக் காற்று முழுவதையும் விட்டுவிட வேண்டும். அதன் பிறகே போல்ட்டைத் தொட வேண்டும். சைக்கிள் கடைப் பழக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரால் நெம்புவதும் கூடாது. ரிம் மென்மையான உலோகக் கலவை. ஒரு கீறல் பின்னாளில் விரிசலாகும். புது டியூபுக்கு டால்க் பொடி பூசி, இலேசாகக் காற்றூட்டி, உள்ளே வைக்க வேண்டும். டயரில் சிவப்புப் புள்ளி இருக்கும். அது டயரின் எடை குறைந்த பக்கம். அதற்கு நேராக டியூபின் வால்வு, அல்லது டியூபில் கனமான பக்கத்தைக் காட்டும் கோடு இருந்தால் அந்தக் கோடு, வர வேண்டும். பின்பு ரிம்மின் பாதிகளுக்கு இடையே டியூப் சிக்கவில்லை என்று விரலால் தடவிப் பார்த்து, போல்ட்டுகளை முறுக்குவிசைக் கருவியால் சொன்ன அளவு இறுக்க வேண்டும். காற்றடித்து, முழுவதும் விட்டு, மீண்டும் அடிக்க வேண்டும். முதல் தடவை விழுந்த சுருக்கங்கள் அப்போது நீங்கும். மறுநாள் மீண்டும் அளவு பார்க்க வேண்டும். டயர் அந்த ஓர் இரவிலேயே சற்றுப் பெருத்திருக்கும், அழுத்தம் குறைந்திருக்கும்.

இவற்றில் உங்களுக்குப் புரியாத இயற்பியல் ஏதாவது உண்டா? இல்லை. என் மனக்குறை அதுதான். 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து உரிமம் பெற்றார். நம் திருத்தணியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்ததும் அதே ஆண்டில்தான். சென்னையில் 1946-இல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், பக்கத்து அரக்கோணத்தில் டயர் ஆலை வைத்து, நம் விமானப்படைக்கே டயர் தரும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. இத்தனை அருகில் டயர் இருந்தும், பஞ்சர் ஒட்டுவது படிக்காதவர் வேலை என்றும், வாயு விதி படித்தவர் வேலை என்றும் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் சேர்ந்து சிறு விமானத்தில் ஏறும் மாணவருக்கு இறக்கையின் தத்துவம் தெரிகிறது. இறங்குமுன் குனிந்து டயரைப் பார்க்கச் சொன்னால் கூச்சப்படுகிறார். ஒவ்வொரு பள்ளி ஆய்வகத்திலும் ஒரு பழைய சக்கரமும் ஒரு நல்ல அழுத்தமானியும் இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. பெரிய செலவு ஒன்றுமில்லை.

என் மாணவர் ஒரு வாரம் கழித்து மீண்டும் அழைத்தார். 25 விழுக்காடு கணக்கைத் தாளில் எழுதிக் காட்டி, "பழைய டியூபுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாராம். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். மூன்றாம் நாள் புது டியூபுகள் வந்தனவாம். மூக்குச் சக்கரத்தின் பழைய இணையை, நன்றாக இருந்ததால், அவரே மாற்றாமல் விட்டிருக்கிறார்.

பழைய டியூபுகளை என்ன செய்தாய் என்று கேட்டேன். யாரும் திரும்ப எடுத்து மாட்டிவிடாதபடி அன்றே கத்தரியால் வெட்டிவிட்டாராம். ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்கு வந்தபோது அதில் ஒரு துண்டை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். சைக்கிள் கடைக்காரரிடம் காட்டினேன். அவர் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார், கட்டைவிரலால் அழுத்தினார். "நல்ல ரப்பர் வாத்தியாரே, வீணாக்கிட்டாங்களே" என்றார். பிறகு அதை நீளவாக்கில் கீறி, என் சைக்கிள் கேரியரில் புத்தகம் கட்டுவதற்கு வாராக மாட்டிக் கொடுத்தார்.